கேள்வி மறுக்கப்பட்ட பிள்ளைகள்

காது கேளாத ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். பல நேரம் வகுப்பிலேயே அழகான கையெழுத்து அந்த நோட்டில்தான் இருக்கும். கரும்பலகையில் இருந்தது ஒரு புள்ளி பிசகாமல் இறங்கியிருக்கும். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரி போட்டிருக்கும். அதே பக்கத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், பிள்ளை நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். இல்லாவிட்டால் அந்த வரியை இன்னொரு முறை அழகாக எழுதிக் காட்டும். இந்தப் பிள்ளைகளோடு பழகிய ஆசிரியர்களுக்கு இது தெரிந்த காட்சி. எட்டு வருடம், பத்து வருடம் பள்ளிக்கு வந்த பிள்ளை எழுத்தை வரையக் கற்றிருக்கிறது, வாசிக்கக் கற்கவில்லை. இது யாருடைய குற்றம்? பிள்ளையின் காதுமேல் பழியைப் போட்டுவிட்டுக் காலமெல்லாம் நாம் தப்பித்து வந்திருக்கிறோம். அந்தப் பழி நம்முடையது என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

சென்னையின் மேற்கே உள்ள எங்கள் ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்துக்குச் செவித்திறன் இழப்பு தெரியாத விஷயம் இல்லை. 1960களில் ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும், பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தன. அன்றிலிருந்து இங்கே தலைமுறை தலைமுறையாக இயந்திரச் சத்தத்துக்கு நடுவே உழைத்து ஓய்வு பெற்றிருக்கிறார்கள். "சத்தம் கேக்குதுப்பா, பேசுறதுதான் புரியல" என்று சொல்லும் தாத்தாக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த ஒரு வாக்கியத்தில் செவித்திறன் அறிவியலில் பாதி அடங்கிவிடுகிறது. உரத்த சத்தம் தொடர்ந்து பட்டால், உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் உள்ள நுண்ணிய மயிரணுக்கள் அழிகின்றன. அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும் திறன். ஆ, ஓ போன்ற கனத்த உயிரொலிகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். ச, ஸ, த போன்றவற்றின் உரசல் மட்டும் உதிர்ந்துவிடும். அதனால்தான் சத்தம் கேட்கிறது, பேச்சு புரிவதில்லை. பக்கத்தில் போய்க் கத்தினாலும் பயனில்லாமல் போவதற்குக் காரணம் இதுவே. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்று தொழிற்சாலை விதிகள் சொல்லின. சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பை, அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் தொழிற்சாலைச் சட்டமும் சேர்த்தது.

ஆனாலும் அந்தத் தாத்தாவால் சமாளிக்க முடிகிறது. மதியம் ஒரு மணிக்கு மருமகள் வந்து ஏதோ கேட்கும்போது, அவர் காதில் விழுவது "...ஆப்பிட்டீங்களா மாமா" என்பது மட்டுமே. விட்டுப்போன முதல் ஒலியை அவருடைய தமிழ் நிரப்பிக்கொள்கிறது. அறுபது ஆண்டுகளாக அவருக்குள் ஊறிய மொழி, காது கைவிட்ட இடத்தில் கைகொடுக்கிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு நிரப்பிக்கொள்ள உள்ளே ஒன்றும் இல்லை. தாத்தா இழந்தது ஒலியை. அந்தக் குழந்தையோ ஒலியோடு சேர்த்து, நாம் வேறு வழி செய்யாவிட்டால், மொழியையே இழக்கிறது. இரண்டுக்கும் 'காது கேட்காது' என்ற ஒரே பெயரை வைத்து, ஒரே மருந்தாக ஒரு கருவியை மாட்டிவிட்டு, கேட்கும் பிள்ளைகளுக்காக எழுதிய பாடப்புத்தகத்தையே குழந்தையின் கையில் கொடுத்து அனுப்புகிறோம். நம்முடைய பிழை இங்கே தொடங்குகிறது.

மொழி மனதில் பதிவதற்கு ஒரு பருவம் உண்டு. பிறந்ததிலிருந்து முதல் ஐந்தாறு ஆண்டுகள் அது வாசலைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது. கேட்கும் குழந்தையிடம் யாரும் உட்கார்ந்து தமிழ் நடத்துவதில்லை. அடுப்படியில், திண்ணையில், ஷேர் ஆட்டோவில், கோயில் திருவிழாவில் காதில் விழுந்ததெல்லாம் சேர்ந்து, ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது அதனிடம் ஒரு முழு மொழி இருக்கிறது. கேளாத குழந்தைக்கு அந்த வீடும் தெருவும் ஊமைப் படம். பாட்டி செத்துப்போனது, அப்பாவுக்கு வேலை போனது, நாளைக்கு ஊருக்குப் போகிறோம் என்பது எதையும் யாரும் அதற்குச் சொல்வதில்லை. கையைப் பிடித்து இழுத்துப் போகிறோம். கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. பெற்ற தாயோடு பொதுவான ஒரு மொழி இல்லாமல் வளரும் தனிமைக்குக் காது மட்டும் காரணமாகிவிட முடியாது.

ஒரு குழந்தைக்குக் கேட்கிறதா என்று பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும். உலகம் ஏற்றுக்கொண்ட விதி இது. தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் செய்யும் ஓஏஇ பரிசோதனையும், ஐயம் இருந்தால் அடுத்துச் செய்யும் பெரா பரிசோதனையும் இதற்குப் போதும். ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்", "அவங்க தாத்தாவும் மூணு வயசுலதான் பேசினாரு" என்று காத்திருக்கிறோம். நாக்கில் வசம்பு தேய்க்கிறோம். கோயிலில் மணி கட்டுவதாக வேண்டிக்கொள்கிறோம். மூன்று வயதில் டாக்டரிடம் போகும்போது, அந்த வாசல் பாதி சாத்தப்பட்டுவிட்டது.

குழந்தைகளுக்கு வரும் செவித்திறன் இழப்பில் 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கர்ப்பத்தில் தாக்கும் ரூபெல்லா அவற்றில் ஒன்று. அதற்கான தடுப்பூசியைத் தமிழ்நாடு 2017 பிப்ரவரியில் பெரும் இயக்கமாக நடத்தியது. பிறக்கும்போது மூச்சுத்திணறல், கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், வருடக்கணக்கில் சீழ் வடியும் காது ஆகியவையும் சேரும். பரம்பரைக் காரணங்கள் தனி. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டிவைக்கும் வழக்கம் ஊன்றிய மாநிலம் இது. அந்த வழக்கம் மரபணுவில் ஒளிந்திருக்கும் குறையை வெளியே கொண்டுவரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இதைக் கல்யாணப் பேச்சு நடக்கும்போதே சொல்லும் துணிவு குடும்பங்களுக்கும் மருத்துவர்களுக்கும் வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதிலும் 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்கிறது. 60 முதல் 70 வரை இருந்தால் கேட்புத்திறன் குறைந்தவர் என்கிறது. சாதாரணப் பேச்சே ஏறக்குறைய 60 டெசிபல்தான். ஆகவே 40 டெசிபல் இழந்த பிள்ளைக்கு வகுப்பில் ஆசிரியர் பேசுவது ரகசியம் பேசுவதுபோல் இருக்கும். ஆனாலும் அது சட்டத்தின் எந்தப் பட்டியலிலும் வராது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, 'கவனம் இல்லை', 'மந்தம்' என்ற பெயரோடு அடி வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு முதலில் காதைப் பரிசோதித்திருக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆசிரியரும் தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளட்டும்.

தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். பல லட்சம் ரூபாய் செலவாகும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவைச் சிகிச்சையை ஏழைக் குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்துவரும் மாநிலம் இது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அதனால் ஒலியைப் பெற்றிருக்கிறார்கள். அந்த நன்மையைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அறுவைச் சிகிச்சை முடிந்த நாளில் குழந்தைக்குக் கிடைப்பது ஒலி மட்டுமே. அந்த ஒலியை மொழியாக்க மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். தினக்கூலிக்குப் போகும் அம்மா வாரம் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஆவடியில் மின்சார ரயிலேறி நகரத்துக்குப் போய்வர வேண்டியிருந்தால், எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்? வெளியே மாட்டியிருக்கும் கருவியின் வயர் அறுந்தால், பேட்டரி தீர்ந்தால், அது பழுதாகும் நாளிலிருந்து குழந்தை மறுபடியும் மௌனத்துக்குள் போய்விடுகிறது. அந்த நாட்களிலும் அதற்கு ஒரு மொழி கையில் இருக்க வேண்டாமா?

கருவி போதாத இடத்தில் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்கிறார்கள். கண்ணாடி முன் நின்று, குரல் இல்லாமல் இந்த நான்கு சொற்களைச் சொல்லிப் பாருங்கள்: பணம், மணம், படம், மடம். நான்குக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். பாடமும் மாடமும் அப்படியே. ப, ம இரண்டும் உதட்டில் ஒன்று. ட, ண இரண்டும் வாய்க்குள் நாக்கு மடிவதால் வெளியே தெரியவே தெரியாது. க, ங தொண்டைக்குப் பக்கத்தில் பிறப்பவை. நம் மொழியின் இலக்கணமோ சொல்லின் வாலில் இருக்கிறது. 'நாய் பூனையைத் துரத்தியது', 'நாயைப் பூனை துரத்தியது' ஆகிய இரண்டில் யார் துரத்தியது என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு 'ஐ'. பேச்சில் அந்த ஐ அரை மூச்சில் கரைந்துவிடுகிறது. கேளாத பிள்ளைக்கு வேற்றுமை உருபு என்பது ஒருபோதும் காதில் விழாத பொருள். அதன் எழுத்தில் உருபுகள் இடம் மாறிக் கிடப்பதைக் கண்டு 'புத்தி போதாது' என்று முடிவு கட்டிய நாம்தான் புத்தி போதாதவர்கள்.

அதே இரண்டு வாக்கியங்களைச் சைகை மொழியில் சொல்லும் பிள்ளையைப் பாருங்கள். நாயை ஓரிடத்தில் வைக்கும். பூனையை இன்னோர் இடத்தில் வைக்கும். கை எங்கிருந்து எங்கே பாய்கிறது என்பதிலேயே யார் யாரைத் துரத்தியது என்பது தெளிந்துவிடும். புருவத்தின் ஏற்றத்தில் வினா பிறக்கும். சைகை மொழி கையால் பேசும் தமிழோ, நடித்துக் காட்டும் வித்தையோ இல்லை. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோக்கோ 1960இல் அதை மொழியியல்படி நிறுவினார். நிகரகுவா நாட்டின் மனாகுவாவில் 1970களின் இறுதியில் காது கேளாத பிள்ளைகளை முதல்முறையாக ஒரு பள்ளியில் கூட்டினார்கள். ஆசிரியர்கள் ஸ்பானிய உதட்டசைவைக் கற்பிக்க முயன்று தோற்றார்கள். பிள்ளைகளோ விளையாட்டு மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் தங்களுக்குள் ஒரு புதிய மொழியையே படைத்துவிட்டார்கள். மொழிக்காக மனித மனம் எவ்வளவு தவிக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தத் தவிப்பின் மீது உலகம் ஒருமுறை பூட்டுப் போட்டது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, வகுப்பறையில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சை மட்டுமே புகட்ட வேண்டும் என்று தீர்மானித்தது. அடுத்த ஐந்தாவது ஆண்டில் பம்பாயிலும், 1893இல் கல்கத்தாவிலும், அதே 1890களில் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையாரின் முயற்சியால் நம் பாளையங்கோட்டையிலும் காது கேளாதோர் பள்ளிகள் பிறந்தன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் எத்தனையோ குடும்பங்களுக்கு விளக்கேற்றிய பள்ளிகள் அவை. ஆனால் மிலானின் நிழல் இந்நாட்டின் வகுப்பறைகள் மீது நெடுங்காலம் விழுந்து கிடந்தது. பகலில் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உதட்டைப் பார்த்த பிள்ளைகள், இரவில் விடுதியில் விளக்கு வெளிச்சத்தில் தங்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள். 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டின் வாரிசுகள், மிலான் தீர்மானத்துக்காக வருத்தம் தெரிவித்தார்கள். 130 ஆண்டுகள் பிடித்தன அந்த ஒரு சொல்லுக்கு.

வாய்ப்பேச்சு வழியில் நல்லது நடக்கவே இல்லையா என்றால், நடந்திருக்கிறது. 1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா, கைக்குழந்தைப் பருவத்திலேயே பிள்ளைகளைச் சேர்த்து, தாயையும் பக்கத்தில் உட்காரவைத்து, கருவியின் துணையோடு கேட்கவும் பேசவும் பழக்குகிறது. அதற்கென்று 'த்வனி' என்ற பாடத்திட்டத்தையே வகுத்திருக்கிறது. அங்கிருந்து சாதாரணப் பள்ளிக்குப் போய்ப் படித்து முன்னேறியவர்கள் பலர். அந்தப் பள்ளி நமக்குக் கற்றுத்தரும் பாடத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சீக்கிரம் தொடங்கியதும், தாய் கூடவே இருந்ததும், இந்தப் பிள்ளைகளுக்கென்றே சிந்தித்து எழுதிய பாடத்திட்டம் இருந்ததும்தான் அந்த வெற்றியின் வேர். பேச்சு வழியோ சைகை வழியோ, இந்த மூன்றும் இல்லாத இடத்தில் எதுவும் முளைக்காது.

நம் சென்னையின் மேற்குப் பகுதியிலேயே இன்னொரு சாட்சி நிற்கிறது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். உயிர் தப்பினார், இடது காதின் கேட்புத்திறன் போனது, குரலும் மாறிப்போனது. 1984இல் வந்த நோய் அவருடைய பேச்சை மேலும் குலைத்தது. தமிழ்நாட்டின் முதலமைச்சர் ஒருவர் பேசியது புரியாமல் அருகிலிருந்தவர்கள் தடுமாறிய காலத்தை நாம் கண்டோம். அவர் எழுதிவைத்த உயில்படி, அதே தோட்டத்தில் இன்று காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகளுக்கான இல்லமும் மேல்நிலைப் பள்ளியும் நடக்கின்றன. சொத்தைக் கொடுத்தவர் தன் கடமையைச் செய்துவிட்டார். இடமும் கட்டடமும் ஒருவர் தானமாகத் தரலாம். பாடத்திட்டத்தை அரசுதான் தர வேண்டும். அதில்தான் நாம் கடன்பட்டு நிற்கிறோம்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. காது கேளாதோருக்குப் பொருத்தமான மொழியிலும் தொடர்பு முறையிலும் கல்வி தர வேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு. சைகை மொழியில் தகுதி பெற்ற ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்க வேண்டும், பாடத்திட்டத்திலும் தேர்விலும் தக்க மாற்றம் செய்ய வேண்டும் என்கிறது 17ஆம் பிரிவு. அந்த 17ஆம் பிரிவிலேயே இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களில் விலக்கு என்ற சலுகையும் இருக்கிறது. இதில் நமக்கு வசதியான ஒன்றை மட்டும் பொறுக்கியெடுத்துக்கொண்டோம். பொதுத்தேர்வில் ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு. ஒரு மணி நேரம் கூடுதல் அவகாசம். ஓர் அரசாணையில் முடிந்துவிடும் வேலை. ஆசிரியரைப் பயிற்றுவிப்பது கடினம், பாடத்தைச் சைகைக்குக் கொண்டுவருவது கடினம், விலக்கு எளிது. எளிதானதைச் செய்தோம்.

எங்கள் தீர்ப்பு இது: மொழியைக் கொடுக்காமல் மொழித்தாளில் விலக்கு கொடுப்பது கருணை ஆகாது. சோறு போடாமல் வைத்திருந்துவிட்டு, சாப்பாட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தருவதற்கு ஒப்பானது அது. விலக்கு வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு அது கட்டாயம் கிடைக்க வேண்டும். அந்த உரிமையில் யாரும் கைவைக்கக் கூடாது. ஆனால் விலக்கைக் காட்டிக் கற்பிக்கும் கடமையிலிருந்து பள்ளியும் துறையும் தங்களை விலக்கிக்கொண்டது அநீதி. ஒரு தாள் குறைந்த சான்றிதழோடு வெளியே வரும் பிள்ளை, ரேஷன் கடை அறிவிப்பையும் வேலை விண்ணப்பத்தையும் மருந்துச் சீட்டையும் படிக்க முடியாமல் நிற்கும்போது, அந்த விலக்கு எந்த வாசலையும் திறப்பதில்லை.

வேறெந்த மாநிலத்தைவிடவும் தமிழ்நாட்டுக்கு இது புரிய வேண்டும். மொழிக்காக 1938இலும் 1965இலும் சிறைக்குப் போனவர்கள், உயிரைக் கொடுத்தவர்கள் பிறந்த மண் இது. புரியாத மொழியில் ஒரு குழந்தைக்குப் பாடம் நடத்துவது வன்முறை என்று நாட்டுக்கே எடுத்துச் சொன்னவர்கள் நாம். 1968இல் சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கையை நிறைவேற்றினோம். காது கேளாத தமிழ்க் குழந்தைக்கும் ஓர் இருமொழிக் கொள்கை உண்டு: கண்ணுக்குச் சைகை மொழி, கைக்கு எழுத்துத் தமிழ். முதல் மொழி உள்ளே இருந்தால்தான் இரண்டாவது அதன் தோளைப் பிடித்து ஏறும். தேசியக் கல்விக் கொள்கையோடு நமக்குள்ள வழக்கு வேறு. இந்தியச் சைகை மொழியில் பாடநூல்கள் வேண்டும், வட்டாரச் சைகைகளை மதிக்க வேண்டும் என்று அது சொல்லும் கருத்து, எங்கிருந்து வந்தாலும் நியாயமானது. 2015இல் டெல்லியில் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021க்குள் 10,000 சொற்களுக்கு அகராதி தந்திருக்கிறது. அதைத் தமிழ்ப் பாடநூலோடு இணைக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

அந்தப் பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும்? பாடத்தைக் குறைப்பது வழியில்லை. 'இவங்களுக்கு இது போதும்' என்று பாதிப் பாடத்தை வெட்டுவது, பிள்ளையின் எதிர்காலத்தில் பாதியை வெட்டுவது. வழியை மாற்ற வேண்டும். கதை முதலில் சைகையில் நடக்கட்டும்; பிள்ளைகள் சிரிக்கட்டும், சண்டை போடட்டும், முடிவை மாற்றிச் சொல்லட்டும்; அப்புறம் அதே கதை எழுத்தில் வரட்டும். அப்போதுதான் எழுத்துக்கு அர்த்தம் பிறக்கும். வேற்றுமை உருபுகளைக் காது கற்பிக்காத இடத்தில் கண் கற்பிக்க வேண்டும்: யார், யாரை, யாரால், யாருக்கு என்று நிறம் பிரித்து, இடம் காட்டி. பேச்சுத் தமிழைக் கேட்டறியாத பிள்ளைக்கு ஏட்டுத் தமிழே முதல் தமிழ் என்பதை நூலாசிரியர் மறக்கக் கூடாது. கணக்கிலும் மொழிதான் வழிமறிக்கிறது. 12இலிருந்து 5ஐக் கழிக்கத் தெரிந்த பிள்ளை, 'தம்பிக்குக் கொடுத்தது போக மீதி எத்தனை' என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. போவது தம்பியா, மாம்பழமா? அந்தப் 'போக' என்ற சொல்லைக் கற்பிப்பதும் கணக்குப் பாடமே. செய்யுளை இவர்களுக்கு வேண்டாம் என்று தள்ளவும் வேண்டாம். எதுகையும் மோனையும் காதுக்கு மட்டும் உரியவை இல்லை. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் அழகைக் கண்ணாலும் காணலாம்.

2018 முதல் வந்த நம் பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சாகிறது. செல்போனைக் காட்டினால் காணொளி திறக்கிறது. அந்தக் காணொளி ஒவ்வொன்றுக்கும் சைகை மொழியும் தமிழ் எழுத்தோட்டமும் சேர்ப்பது, ராக்கெட் விடும் நாட்டுக்குப் பெரிய காரியமா? வினாத்தாளில் பாட அறிவைச் சோதிக்க வேண்டுமே தவிர, சுற்றி வளைத்த வாக்கியத்தால் பிள்ளையை மடக்கக் கூடாது. பாடநூலில் இவர்கள் முகமும் இருக்க வேண்டும். பிரேசிலில் 2022இல் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் இறகுப்பந்தில் மூன்று தங்கம் வென்ற மதுரை ஜெர்லின் அனிகாவையும், 2023இல் சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னியையும் படித்து வளரும் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய எண்ணமே வேறாக இருக்கும். கேட்கும் பிள்ளைகளும் அவர்களைப் படிக்கட்டும்.

ஆசிரியர் இல்லாமல் பாடத்திட்டம் வெறும் காகிதம். சைகை மொழியில் ஒரு கதையைத் தடுமாறாமல் சொல்லத் தெரியாதவரைக் காது கேளாதோருக்கு ஆசிரியராக நியமிப்பது, தமிழ் தெரியாதவரைத் தமிழாசிரியராக நியமிப்பதற்குச் சமம். வட்டார வள மையங்களிலிருந்து பள்ளி பள்ளியாக அலையும் சிறப்பாசிரியர்களின் தொகுப்பூதிய வாழ்வுக்கு முடிவு கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காது கேளாத பெரியவர்கள் ஆசிரியர்களாக வர வேண்டும். சைகை மொழி கற்பிக்க அவர்களுக்கென்றே பட்டயப் படிப்பு இருக்கிறது. அவர்களே அந்த மொழிக்கு உரியவர்கள். கேளாத குழந்தையைப் பெற்ற தாய், வேலைக்குப் போகிற, குடும்பம் நடத்துகிற, வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு காது கேளாத மனிதரை முதல்முறை சந்திக்கும் நாளில் அவளுடைய பாதிப் பயம் போய்விடும்.

பெற்றோரின் அச்சத்தை நாங்கள் அறிவோம். கையால் பேசப் பழகினால் வாயால் பேசாமலே போய்விடுமோ என்று நடுங்குகிறார்கள். 'அம்மா' என்ற சொல்லைக் காதால் கேட்க ஏங்கும் தாயைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பேச்சுப் பயிற்சி நடக்கட்டும், கருவி இருக்கட்டும், அறுவைச் சிகிச்சையும் நடக்கட்டும். அவற்றின் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும்; பசியைச் சொல்ல, வலியைச் சொல்ல, கனவைச் சொல்ல குழந்தையால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாது. சைகை மொழி பேச்சுக்குப் பகையில்லை. கேளாத குழந்தையின் வீட்டில் அது எரிந்துகொண்டே இருக்க வேண்டிய விளக்கு. 'கையை ஆட்டாதே' என்று எந்த மருத்துவரும், எந்த ஆசிரியரும் இனி ஒரு குழந்தையிடமும் சொல்லக் கூடாது.

1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தால் இந்த ஊரின் பெயர் வரலாற்றில் ஏறியது. மாநகராட்சியாக உயர்ந்துவிட்ட இன்றைய ஆவடி, தன் அளவில் சிறு தீர்மானங்கள் சிலவற்றை எடுக்கலாம். அரசு மருத்துவமனையானாலும் தனியார் நர்சிங் ஹோமானாலும், பிரசவமான எந்தக் குழந்தையும் செவிப் பரிசோதனை இல்லாமல் வீடு திரும்பக் கூடாது. பரிசோதனையில் குறை தெரிந்தால், கருவிக்கான சீட்டோடு சைகை மொழி ஆசிரியரின் முகவரியும் தாயின் கைக்கு வர வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு அடிப்படைச் சைகை தெரிந்திருக்க வேண்டும். ஏதேனும் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சைகை மொழி வகுப்பு நடக்க வேண்டும். காது கேளாத பிள்ளை ஒன்று படிக்கும் வகுப்பில், அந்த வகுப்பு முழுவதும் அதன் மொழியைக் கற்க வேண்டும். முப்பது பேர் நடுவில் ஒரு பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துவிட்டு அதற்கு 'உள்ளடக்கிய கல்வி' என்று பெயர் வைப்பதை நிறுத்த வேண்டும்.

நல்ல அறிஞரைக் 'கல்வி கேள்விகளில் சிறந்தவர்' என்று சொல்வது நம் வழக்கம். தமிழில் கேள் என்றால் காதால் கேள் என்றும் பொருள், வினவு என்றும் பொருள். காதால் கேட்பதை இயற்கை சில பிள்ளைகளுக்குத் தரவில்லை. வினவுவதைத் தராமல் தடுத்து வைத்திருப்பவர்கள் நாம். ஏன், எப்படி, யார் சொன்னது என்று கேட்க ஒரு மொழி இல்லாத பிள்ளைதான் கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கையெழுத்தைப் பார்த்து மகிழ்ந்தது போதும். அந்த நோட்டில் பிள்ளை தானாக, எழுத்துப்பிழையோடாவது, ஒரு கேள்வியை எழுதும் நாள் வர வேண்டும். அதுவரை எந்தப் பக்கத்திலும் சரி போட நமக்கு உரிமை இல்லை.